மருத்துவமனையில் குழந்தையை இழந்தவர்களுக்கு ஊர் எப்படித் துணை நிற்பது? கேள்வி பதில்

நான் தருமபுரியில் வழக்கறிஞர். மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் பெற்றோர் தரப்பில் ஆஜராகிறேன். இந்த விஷயத்தில் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

பென்னாகரம்: எங்கள் தெருவில் ஒரு தம்பதியின் பச்சைக் குழந்தை மருத்துவமனையில் இறந்துவிட்டது. சிகிச்சையில் தவறு என்கிறார்கள். நாங்கள் முதலில் என்ன செய்வது?

இரண்டு பேர் பெற்றோரை விட்டு நகராமல் இருங்கள். விவரம் தெரிந்த ஒருவர் எழுத்து வேலையை மட்டும் பார்க்கட்டும். கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புகள்) நகல் கேட்டு பெற்றோர் பெயரில் மனு எழுதிக் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, கேட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

சந்தேகம் இருந்தால் அடக்கத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, போஸ்ட்மார்ட்டம் கேளுங்கள். 'பிஞ்சு உடம்பை அறுக்க வேண்டாம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். முடிவு பெற்றோருடையது, யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் அது இல்லாமல் சாவுக்குக் காரணத்தை நிரூபிப்பது மிகவும் கடினம் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்து வேண்டாம். 'சிகிச்சையில் எங்களுக்குக் குறை ஏதும் இல்லை' என்ற வரி உடலைப் பெற்றுக்கொள்ளும் தாளிலேயே இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணம்: நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

தனியார் மருத்துவமனை என்றால் போகலாம், 2 ஆண்டுகளுக்குள். குழந்தைக்காக மட்டுமல்ல, தங்கள் மன வேதனைக்காகவும் பெற்றோர் இழப்பீடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998இலேயே சொல்லிவிட்டது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை, 1995 தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதற்கு மனித உரிமை ஆணையம் (ஓராண்டுக்குள்), உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்று வேறு வழிகள் உண்டு. வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து நிற்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள்.

ஓசூர்: டாக்டரை உடனே கைது செய்ய வைக்க முடியாதா?

முடியாது. சம்பந்தமில்லாத வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற்ற பிறகே போலீஸ் மேலே போக வேண்டும் என்பது 2005 தீர்ப்பு.

கிருஷ்ணகிரி: குழந்தையின் படத்தை ஸ்டேட்டஸில் போட்டு நியாயம் கேட்கிறோம். சரிதானே?

சரியில்லை. பெற்றோர் கேட்காமல் போடாதீர்கள். போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஊத்தங்கரை: கேஸ் ஷீட் வாங்குவது எப்படி?

பென்னாகரத்துக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்.

அரூர்: உடலை வாங்க மறுத்து மறியல் செய்தால்தான் அதிகாரிகள் வருகிறார்கள். மனு கொடுத்தால் யார் பார்க்கிறார்கள்?

மறியல் செய்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வருவார் என்பது உண்மை. ஆனால் அன்றைக்கு அந்தத் தாய் எங்கே இருக்கிறார் என்று யோசியுங்கள். சிசேரியன் தையலோடு வார்டில் படுத்திருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் வேறொரு குழந்தை அழுகிறது. இவர் குழந்தை பிணவறையில். நாள் கணக்கில் இதை இழுப்பது யாருக்காக? போஸ்ட்மார்ட்டம், விசாரணை இரண்டுக்கும் எழுத்தில் உத்தரவாதம் கிடைத்த உடனே உடலை வாங்கிவிடுங்கள். ஆத்திரத்தில் ஒருவர் கண்ணாடியை உடைத்தாலும் 2008ஆம் ஆண்டு மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜாமீனில் விடாத வழக்கு. அதன் பிறகு பேச்செல்லாம் அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான்.

பாலக்கோடு: அரூர்க்காரர் சொல்வதே சரி. 2014இல் சத்தம் எழுந்ததால்தானே நாடே தருமபுரியைத் திரும்பிப் பார்த்தது?

பார்த்தது. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தார்கள். எடை குறைவு முதலான காரணங்களை அரசுத் தரப்பு சொன்னது. எடை குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் ஊருக்குள் வரும்போது 'அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று மாறி, தாயின் தலையில் விழுந்துவிடுகிறது. எடை குறைந்த குழந்தையைக் காப்பாற்றத்தானே பச்சிளங்குழந்தைகள் பிரிவே இருக்கிறது? இதை அவர் மாமியார் காதில் விழும்படி நாலு பேர் சொன்னால், அதுவும் துணைதான்.

சத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சத்தம் ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது என்கிறேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இதய அறுவை சிகிச்சையில் குழந்தைகள் இறந்தபோது, பெற்றோர் சங்கமாகச் சேர்ந்து பொது விசாரணை கேட்டு ஆண்டுக்கணக்கில் விடாமல் நின்றார்கள். 2001இல் வந்த விசாரணை அறிக்கை, 1991க்கும் 1995க்கும் இடையில் எதிர்பார்த்ததைவிட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்ததாகச் சொன்னது. நம் ஊரில் ஆறாவது மாதம் வாய்தாவுக்கு அந்தத் தகப்பன் தனியாகத்தான் பஸ் ஏறுகிறார். மறியலுக்கு வந்தவர்களில் இரண்டு பேர் அன்றைக்குக் கூட வந்தால் போதும். அரூர், பாலக்கோடு நண்பர்களே, வருவீர்களா?

காரிமங்கலம்: குழந்தையை இழந்த என் தங்கைக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. இதைப் போய் யாரிடம் கேட்பது?

கிராம சுகாதார செவிலியரிடம் இன்றே சொல்லுங்கள். காய்ச்சலோ சிவப்போ இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கத்தை வீட்டில் சொல்வார்கள், கட்டட்டும். துணியால் இறுக்கிக் கட்ட வேண்டாம். தூக்கமில்லை, சாப்பிடவில்லை, சாக வேண்டும் என்று பேசுகிறார் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

மத்தூர்: ஊரில் பணம் வசூலித்துத் தரலாமா?

தரலாம், தாயின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேராக. இன்னொருவர் கணக்கில் வாங்கினால் வழக்கைவிடப் பெரிய தகராறு வரும்.

பர்கூர்: கேஸ் ஷீட் தர மறுத்தால்?

இதே கேள்வி பல பேரிடமிருந்து வந்திருக்கிறது, கடைசியாகச் சொல்கிறேன். வாயால் கேட்டால் மறுப்பார்கள். எழுதிக் கேளுங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அரசு மருத்துவமனை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுவும் போடுங்கள்.

நல்லம்பள்ளி: குழந்தை ஒரு நாள்தான் இருந்தது. பிறப்புச் சான்று வேண்டுமா?

வேண்டும். பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. மருத்துவமனையே பதிவுக்கு அனுப்பிவிட்டதா என்று விசாரியுங்கள். சான்றில் நேரமும் தேதியும் கேஸ் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.