எக்செல்லில் மறைத்த அடக்க விலை எப்படி வெளியே போனது?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் மொத்த மளிகை வியாபாரம். வாராவாரம் விலைப் பட்டியலை எக்செல்லில் போட்டு, அடக்க விலை இருக்கும் பத்தியை மறைத்து, ஷீட்டுக்குப் பாஸ்வேர்டும் போட்டு, சில்லறைக் கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போன வாரம் உசிலம்பட்டிக் கடைக்காரர் ஒருவர், துவரம் பருப்பின் அடக்க விலையைப் பைசா பிசகாமல் சொல்லிப் பேரம் பேசினார். பாஸ்வேர்டை யாரிடமும் சொன்னதில்லை. இன்னும் கடினமாக வைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. நீங்கள் எவ்வளவு நீளமாக வைத்தாலும் அவர் அதைக் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை.

'புரொடெக்ட் ஷீட்' என்பது கடைப்பையன் கை தவறி ஃபார்முலாவை அழித்துவிடாமல் இருக்க வைத்த தடுப்பு, அவ்வளவுதான். அதைப் பாதுகாப்பு வசதியாக நினைக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். பிரித்தால் ஒவ்வொரு ஷீட்டும் நோட்பேடில் படிக்கிற எழுத்தாகவே உள்ளே இருக்கும். நீங்கள் போட்ட பூட்டு அதில் 'ஷீட்புரொடெக்ஷன்' என்று தொடங்கும் ஒரு துண்டு வரி. அதை அழித்தால் பூட்டு போயிற்று. உங்கள் விஷயத்தில் அழிக்கக்கூட வேண்டாம்; மறைத்த எண்கள் பக்கத்திலேயே கிடக்கும். இவ்வளவு சிரமமும் எதற்கு? இன்னொரு எக்செல் ஃபைலைத் திறந்து உங்கள் பட்டியலின் அந்தக் கட்டத்தைச் சுட்டி ஒரு ஃபார்முலா எழுதினாலே விலை வந்து நிற்கும்.

எக்செல் 2010 வரை கதை இன்னும் மோசம். என்ன பாஸ்வேர்ட் வைத்தாலும் 32,768 வகைகளுக்குள் சுருக்கியே சேமிக்கும். அதனால் ஏயும் பியும் மாறி மாறி வரும் ஏதோ ஒரு சொல்லை மேக்ரோ (எக்செல்லுக்குள் ஓடும் சிறு நிரல்) கண்டுபிடித்துக் கொடுக்கும். அது உங்கள் பாஸ்வேர்டே அல்ல, ஆனாலும் திறந்துவிடும்.

ஆகவே அடக்க விலை இருக்கும் ஃபைலை வெளியே அனுப்பவே கூடாது. விற்பனை விலை மட்டும் தெரிகிற மாதிரி வைத்துப் பிடிஎஃப்பாகச் சேமித்து அனுப்புங்கள். மறைத்த பத்தி அதில் போகாது.

கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் மூல ஃபைலுக்குத்தான் பாஸ்வேர்ட் வேண்டும். ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக், 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' என்று போங்கள். இது நிஜப் பூட்டு: இப்போதைய எக்செல்லில் 256 பிட் ஏஇஎஸ், அதாவது ஃபைலையே புரியாத எழுத்தாக மாற்றிவிடும் குறியாக்கம். ஒவ்வொரு பாஸ்வேர்டைச் சோதிக்கவும் 1,00,000 சுற்றுக் கணக்கு போட வேண்டியிருப்பதால் ஊகிப்பவன் வேகம் குறையும். மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது; ஒரு தாளில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள்.

வண்டி நம்பர் மட்டும் வேண்டாம். டிஎன் 58 என்று தொடங்கி இரண்டு எழுத்து, நான்கு எண் என்றால் மொத்தமே 67 லட்சம் சொச்சம்தான். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டருக்கு அது பெரிய எண்ணே அல்ல. தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வையுங்கள்.

பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல் இருந்தால் கவனம். எக்செல் 97 காலத்து வழக்கப்படி அதன் பூட்டு வெறும் 40 பிட். பாஸ்வேர்ட் எதுவானாலும் உடையும். எக்ஸ்எல்எஸ்எக்ஸாக மாற்றிச் சேமித்து, புதிதாகப் பாஸ்வேர்ட் போட்டு, பென்டிரைவில் உள்ள பழைய பிரதியையும் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பிய பட்டியல்கள் இறக்கி வைத்தவர்களின் போனில் இருக்கும். அந்த விலைகள் தெரிந்துவிட்டன என்று வைத்துக்கொண்டே அடுத்த பேரத்துக்கு உட்காருங்கள்.