ரெட்வுட் மரத்தில் வாசல் வெட்டலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃபெல்டன் ஊருக்கு அருகே, ஃப்ரீமான்ட் என்ற படைத்தலைவர் தங்கிய ரெட்வுட் மரப்பொந்தை என் மகன் அழைத்துச் சென்று காட்டினான். மனிதர் குடைந்த மரம் இன்றும் பசுமையாக நிற்கிறதே, அப்படியிருக்க, மரத்தில் வாசல் வெட்டி வண்டி ஓட்டுவதை ஏன் குற்றம் சொல்கிறார்கள்?

பதில்: உங்கள் கேள்வியின் அஸ்திவாரமே பிழை. அந்தப் பொந்தைக் குடைந்தது காட்டுத்தீ. ஃப்ரீமான்ட் 1846-ல் அதில் தங்கினார் என்பதும் உறுதியான செய்தி அன்று. 1888-ல் திரும்பி வந்த அவரிடமே கேட்டபோது, 'நல்ல கதை, அப்படியே இருக்கட்டும்' என்று சொன்னதாகத்தான் பதிவு.

ரெட்வுட் (நம் செம்மரம் வேறு) பொந்தான பிறகும் வாழ்வதற்குக் காரணம் உண்டு. தச்சர்கள் வைரம் என்று கொண்டாடும் உட்கட்டை உயிரற்றது. நீரை உச்சிவரை ஏற்றுவது அவர்கள் வெள்ளை என்று கழித்துத் தள்ளும் வெளிக்கட்டைதான். 30 சென்டிமீட்டர் வரை தடிக்கும் பட்டை தீயைத் தடுத்துவிடுவதால், அடியில் காயம்பட்ட இடத்தில் மட்டும் நெருப்பு உள்ளே புகுந்து, அடுத்தடுத்த தீவிபத்துகளில் உட்கட்டையைத் தின்று அறையாக்குகிறது. சுற்றியுள்ள உயிர்ப்பகுதியோ காயத்தின் விளிம்பிலிருந்து புதுக்கட்டையை வளர்த்துக்கொண்டே போகிறது. இத்தகைய பொந்துகளில் குடியேறிகள் வாத்துகளை அடைத்து வளர்த்ததால், 'வாத்துப்பட்டி' என்று பொருள்படும் பெயரே அங்கே நிலைத்துவிட்டது.

கோடரி அப்படிக் காத்திருப்பதில்லை. ரெட்வுட்டின் நெருங்கிய உறவான செக்கோயா மரங்கள் நிற்கும் கலவெராஸ் தோப்பில், தீயால் ஏற்கெனவே பொந்தாகியிருந்த 'முன்னோடிக் குடில்' மரத்தை, வண்டி நுழைந்து மறுபுறம் வெளிவரும்படி 1880களின் தொடக்கத்தில் ஊடுருவ வெட்டினார்கள். ஒரு பக்கத்துக் காயம் இரு பக்கத்துக் காயமானது, தாங்கி நின்ற கட்டையும் குறைந்தது. 2017 ஜனவரி 8 அன்று புயல்மழையில் அது சாய்ந்தது. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் நின்ற வாவோனா என்ற செக்கோயா மரமும் தீத்தழும்பு உள்ளதுதான். அதற்கு 1881-ல் வாசல் வைத்தார்கள்; 1969-ல் பனிப்பாரத்தில் அது விழுந்தது. அதன் வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல் என்று மதிப்பிடப்படுகிறது. வாசல் வைத்த பிறகு அது நின்றது 88 ஆண்டுகள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும், அதைக் குற்றம் சொல்லக் கூடாது என்று என்னால் எழுத முடியாது.