கோடை விருந்தாளிகளும் 8,000 ரூபாயும்

கேள்வி: பெரம்பூரில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். மே மாதம் கோவையிலிருந்து என் நாத்தனார் தம் இரண்டு பிள்ளைகளுடன் பத்து நாள் தங்க வருகிறார். எங்களுக்கும் இரண்டு பிள்ளைகள். மாமியாரும் உடன் இருக்கிறார். சென்ற ஆண்டு எல்லோரையும் ஒரு நாள் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனதில் கையிருப்பு கரைந்து, ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க நேர்ந்தது. இந்த முறை வழக்கமான மளிகைச் செலவு போக 8,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். மனக்குறை வராமல் சமாளிக்க வழி உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உண்டு. ஆனால் எங்கே போகலாம் என்று பட்டியல் போடுவதற்கு முன்பே உங்கள் நாத்தனாருக்கு நிலைமை தெரிந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு அடகுக் கடைக்குப் போனது அவருக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். இதை உங்கள் கணவர் சொல்வதுதான் முறை. "அக்கா, ஜூனில் பள்ளிக் கட்டணம் இருக்கிறது, இந்த வருஷம் கொஞ்சம் சிக்கனமாகத்தான் செய்யப் போகிறோம்" என்று தம்பி தொலைபேசியில் சொன்னால் அது வீட்டு விஷயம். அதையே நீங்கள் சொன்னால், எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும், குத்திக் காட்டியதாகிவிடும். அவர்கள் ரயில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

அடுத்து, பணத்தை நான்கு உறைகளாகப் பிரித்துவிடுங்கள். பழம், பலகாரம், கூடுதல் சமையலுக்கு 3,500. வெளியே போய்வர 2,500. நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 200 வீதம் 800. மீதி 1,200 காய்ச்சல், வயிற்றுக் கோளாறு போன்றவற்றுக்கு. பிள்ளைகளின் 200 ரூபாயை முதல் நாளே அவரவர் கையில் கொடுத்து, பத்து நாளுக்கும் இவ்வளவுதான் என்று சொல்லிவிட வேண்டும். முதல் நாளே பஞ்சுமிட்டாயிலும் பலூனிலும் பாதியைத் தீர்த்துவிடும் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். இரக்கப்பட்டு மறுபடியும் கொடுத்தால் மற்ற மூன்று பேரும் கணக்குக் கேட்பார்கள்.

வெளியே போவதில் செலவைத் தீர்மானிப்பது இடம் என்பதைவிட நேரம் என்பேன். மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில். பதினோரு மணிக்கு மேல் ஏழு பேரை இழுத்துக்கொண்டு அலைந்தால், நுழைவுச் சீட்டைவிடக் குளிர்பானத்துக்கும் ஆட்டோவுக்கும்தான் அதிகம் போகும். ஆகவே வண்டலூரை டிசம்பருக்கு ஒத்திவையுங்கள். 600 ஹெக்டேருக்கு மேல் பரந்த அந்த இடத்தை மே மாதத்தில் மாமியாருடன் நடந்து பார்க்க இயலாது. மாமல்லபுரத்தில் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், நடுப்பகலில் அந்தப் பாறைகளில் கால் வைக்க முடியாது. நண்பகல் நேரத்துக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் பொருத்தமானது: கட்டணமில்லை, குளிர்சாதன வசதி உண்டு, குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவும் இருக்கிறது. பிர்லா கோளரங்கமும் அதே பகுதியில்தான். 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை. வெண்கலச் சிலைக்கூடத்தை மட்டும் நிதானமாகப் பார்த்தாலே போதும்.

கடற்கரைக்கு உங்கள் ஊரிலிருந்து 29சி பேருந்து நேராகப் பெசன்ட் நகருக்குப் போகிறது. சாதாரணக் கட்டணப் பேருந்தாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்குப் பயணம் இலவசம். நகரத்தின் பாதியை ஜன்னல் வழியாகக் காட்டும் அந்தப் பயணமே கோவைப் பிள்ளைகளுக்கு ஒரு சுற்றுலாதான். மாலை நான்கரைக்குப் புறப்பட்டால் கடற்காற்று வீசும் நேரத்தில் மணலில் இருப்பீர்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். சுண்டல் மட்டும் அங்கே வாங்கலாம். அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நம் கடல் இழுக்கும்.

பத்து நாளும் வெளியே போக வேண்டியதில்லை. ஒரு நாளை ஜவ்வரிசி வடாமுக்கு ஒதுக்கி, பொறுப்பை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். முந்தின இரவு ஊறவைத்த ஜவ்வரிசியைக் கண்ணாடிபோல ஆகும்வரை கொதிக்கவிட்டு, பச்சை மிளகாய் விழுதும் உப்பும் சேர்த்து, ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து, வெயில் ஏறுமுன் மொட்டைமாடியில் விரித்த ஈர வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். ஊற்றுவது பெரிய பிள்ளைகளின் வேலை. கறுப்புக் குடையை விரித்து வைத்துக் காகம் விரட்டுவது சின்னவர்களின் வேலை. மாலையில் பாதி காய்ந்து மெத்தென்று இருக்கும்போதே கால்வாசி காணாமல் போகும், கண்டுகொள்ளாதீர்கள். மிஞ்சியது நாத்தனார் ஊருக்கு எடுத்துப் போகும் டப்பாவில் இருக்கட்டும். சேலை வாங்கும் செலவு மிச்சம்.

நண்பர்களை ஹோட்டலுக்கு அழைப்பதற்குப் பதிலாக, பௌர்ணமியன்று வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு மொட்டைமாடியில் கூட்டாஞ்சோறு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்லலாம். சோறும் நீர்மோரும் உங்கள் பொறுப்பு. யார் எதைக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் நான்கு வீட்டிலிருந்தும் உருளைக்கிழங்கு வறுவல்தான் வரும்.

இடையில் உங்கள் நாத்தனார், "மாம்பழம் நான் வாங்கித் தருகிறேன்" என்றோ "கோளரங்கச் சீட்டுக்கு நான் கொடுக்கிறேன்" என்றோ சொன்னால், "வேண்டாம் அண்ணி, நீங்கள் விருந்தாளி" என்று தடுக்காதீர்கள். ஒரு முறை மறுத்து, இரண்டாம் முறை சொல்லும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.