எழுதி அழித்த ஒரு வரி

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பி.காம் முடித்துத் திருப்பூரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்கு வந்து இருக்கிற மூன்று ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறேன். பாசிசம் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். ஒரு சந்தேகம். இத்தாலி, ஜெர்மனி கதையெல்லாம் வேறு. இங்கே தேர்தல் நடக்கிறது, கோர்ட் இருக்கிறது, இதற்கு அவ்வளவு பெரிய வார்த்தை வேண்டுமா? எமர்ஜென்சியில் ஆபீஸில் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள், கண்டிப்பான ஆள் ஒருத்தர் இருந்தால்தான் நாடு உருப்படும் என்கிறார் அப்பா.

ஆனால் இதை எழுதக் காரணம் வேறு. எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு செய்தி போட்டார். அறுப்பு முடிந்ததும் வைக்கோல் கட்டும் மெஷின் கொண்டுவரும் பாயை இந்த வருடம் ஊருக்குள் விடக்கூடாது, நம்ம ஆளுக்கே வேலை கொடுக்க வேண்டும் என்று. அந்த பாய் எங்கள் ஊருக்குப் பல வருடமாக வருகிறவர். குழுவில் 140 பேர் இருக்கிறோம். ஒருத்தரும் மறுத்து எழுதவில்லை. சிலர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். நான் 'அவர் என்ன தப்பு செய்தார்?' என்று எழுதி, ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டேன். செய்தி போட்டவர் எனக்கு மாமா முறை. என்னைப் போன்ற ஒருத்தன் என்னதான் செய்ய முடியும்? இதை வெளியிட்டால் என் பெயர் போட வேண்டாம்.

—

அன்புள்ள தம்பி,

பெயர் போடவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அந்த ஒரு நிமிடம்தான். வேறொரு குழுவில் இதே மாதிரி எழுதி அழித்தவன் நானும்தான், அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் சேர்ந்து யோசிப்போம்.

முதலில் இத்தாலி. ரோமில் ஊர்வலம் போய் முசோலினி ஆட்சியைப் பிடித்தார் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். பாசிசம் கால் ஊன்றியது ரோமில் இல்லை தம்பி, நம் ஊர் மாதிரி ஒரு வயல்காட்டில். வட இத்தாலியில் போ என்று ஒரு ஆறு. கடலை நெருங்கும்போது நம் காவிரி மாதிரியே கிளை கிளையாகப் பிரியும். வடிகால் வெட்டி மீட்ட நிலம், பெரும் பண்ணைகள், சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத கூலி ஆட்கள். முசோலினி 1919 மார்ச்சில் மிலான் நகரத்தில் தன் அமைப்பைத் தொடங்கினார். அந்த வருடம் நவம்பர் தேர்தலில் அவர்களுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அத்தோடு மறந்துபோயிருக்க வேண்டிய கூட்டம்.

அதே நேரத்தில் போ சமவெளியில் விவசாயக் கூலிகள் சங்கம் கட்டி, இவ்வளவு நிலத்துக்கு இத்தனை ஆளுக்கு வேலை தந்தாக வேண்டும் என்று பண்ணைகளிடம் ஒப்பந்தம் வாங்கியிருந்தார்கள். நிலக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1920 கடைசியிலிருந்து பொலோனியா, ஃபெராரா பக்கம் முசோலினி கட்சியின் கருப்புச் சட்டை அடியாட்கள் லாரியில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். பணம் நிலக்காரர்களுடையது. சங்கக் கட்டடத்தைக் கொளுத்துவது, கூட்டுறவுக் கடையை உடைப்பது, சங்கத் தலைவரை ராத்திரியில் வீட்டிலிருந்து இழுத்து வந்து அடிப்பது, வாயைப் பிளந்து விளக்கெண்ணெய் ஊற்றுவது. ஆமாம், நம் வீட்டில் குழந்தைக்கு வயிறு சுத்தமாகக் கொடுப்போமே, அதே விளக்கெண்ணெய், ஆனால் பாட்டில் கணக்கில். ஒரு மனிதன் தன் பிள்ளைகள் பார்க்கத் தன் துணியிலேயே போய்விட வேண்டும், அப்புறம் அவன் தெருவில் தலை நிமிரக்கூடாது என்பதுதான் நோக்கம். பல இடங்களில் போலீஸ் கண்டும் காணாமல் இருந்தது. டவுனில் இருந்த வக்கீல், டாக்டர், கடைக்காரர்களில் நிறையப் பேருக்கு இது கூலிக்காரன் சண்டை, தங்களுக்குச் சம்பந்தமில்லாதது. சங்கத் தொல்லை ஒழிந்தால் சரி என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. 1919இல் ஒரு இடம் இல்லாதவர்கள், 1922 அக்டோபரில் அரசரே கூப்பிட்டு ஆட்சியைக் கொடுக்கும் அளவுக்கு வந்தது இந்த வயல்களில் நடந்து பழகித்தான்.

அந்த டெல்டாவில் பிறந்தவர்தான் மத்தேயோத்தி என்ற சோஷலிஸ்ட் எம்.பி. வசதியான நிலக்காரக் குடும்பம், ஆனால் கூலிகள் பக்கம் நின்றார். 1924 மே 30 அன்று, தேர்தல் அடிதடியிலும் மோசடியிலும் நடந்தது என்று நாடாளுமன்றத்தில் எழுந்து, கூச்சலுக்கும் மிரட்டலுக்கும் நடுவில் சொல்லி முடித்தார். ஜூன் 10ஆம் தேதி ரோமில் நடுத்தெருவில் பாசிஸ்டுகள் அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்க் கொன்றார்கள். உடல் ஆகஸ்டில்தான் கிடைத்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் சபையை விட்டு வெளியேறி, அரசர் நியாயம் செய்வார் என்று காத்திருந்தார்கள். அரசர் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் 1926இல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்த் தலைவர்களையே எடுத்துவிட்டு மேலிருந்து நியமித்த ஒருத்தரை ஒவ்வொரு ஊருக்கும் உட்கார வைத்தார்கள். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு வெண்மணி ஞாபகம் வரவில்லையா? எனக்கு ஒவ்வொரு முறையும் வரும். 1968 டிசம்பர் 25. விவசாயக் கூலிகள் கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டார்கள், சங்கக் கொடியை இறக்க மறுத்தார்கள், அதற்கு நிலக்காரர் தரப்பு 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது. செல்வாக்குள்ள நிலக்காரர்கள் தாங்களே இறங்கிப் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற மாதிரி சொல்லி உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வெண்மணியைப் பாசிசம் என்று நான் சொல்ல வரவில்லை, அது சாதியும் நிலமும் சேர்ந்த நம் சொந்தக் கொடுமை. ஆனால் தேர்தலும் கோர்ட்டும் இருந்த நாட்டில்தான், சட்டமன்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் அது நடந்தது. இருக்கிறது என்பதாலேயே அவை நம்மைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு நாம் இத்தாலி வரை போக வேண்டியதில்லை.

அந்தப் பெரிய வார்த்தையை நான் எல்லாவற்றுக்கும் போடுவதில்லை. பிடிக்காத அரசாங்கத்தையெல்லாம் பாசிசம் என்று சொன்னால் அரிவாள் மழுங்கிப்போகும், தேவைப்படும் நாளில் அறுக்காது. ஆனால் ஊரில் ஒரு பகுதி மக்கள் இங்கே இருப்பதே நம் தயவில்தான் என்று பெரும்பான்மை நம்ப ஆரம்பித்து, ஏன் என்று கேட்டவன் துரோகி என்றாகி, தடுக்க வேண்டிய அரசும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. உங்கள் குழுவில் வந்த செய்தி அதன் முதல் படி. அந்த பாயின் வேலையை எடுப்பது மட்டும் அவர்கள் நோக்கமாக இருக்காது. 140 பேர் சும்மா இருப்பார்களா என்று பார்த்துக்கொண்டார்கள். சும்மா இருந்தீர்கள்.

இங்கே ஒரு விஷயம். நாம் நாகூர் கந்தூரிக்குப் போகிறோம், வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம், எல்லோரும் மாமன் மச்சானாகப் பழகுகிறோம் என்று நம் பக்கத்தில் பெருமையாகப் பேசுவது வழக்கம். உண்மைதான், எனக்கும் அதில் சந்தோஷம். ஆனால் வைக்கோல் கட்ட வருகிறவரின் உரிமை நம் பிரியத்தில் நிற்கவில்லை. நாளைக்கு அவரோடு மூட்டைக் கணக்கில் தகராறு வந்து நமக்கு அவரைப் பிடிக்காமலே போனாலும், தொழில் செய்ய அவருக்கு உள்ள உரிமை அப்படியேதான் இருக்கும்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். ஆபீஸுக்கு நேரத்துக்கு வந்தார்கள் என்பது சரிதான். அதே காலத்தில் காரணம் சொல்லாமல் ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டால் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருத்தர்தான் மறுத்தார். சென்னை மேயராக இருந்த சிட்டிபாபு சிறையில் வாங்கிய அடியில் செத்தார். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1977 தேர்தலில் வடக்கே ஜனங்கள் அந்த ஆட்சியைத் தூக்கி எறிந்தபோது, தமிழ்நாட்டில் காங்கிரஸ் இருந்த கூட்டணிக்கு 39இல் 34 இடம் கொடுத்தோம். நாமெல்லாம் இயல்பாகவே இதற்கு எதிரானவர்கள் என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

ஸ்டேன் சுவாமியையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். திருச்சி மாவட்டத்துக்காரர், இந்த ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். ஜார்க்கண்டில் பழங்குடி மக்களோடு வாழ்ந்தார். 2020 அக்டோபரில் 83 வயதில் ஊபா என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். நடுக்குவாதம். டம்ளரைப் பிடிக்கக் கை நிற்காது. உறிஞ்சிக் குடிக்க ஒரு குழாய்க்கு அவர் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று இறந்துபோனார். குற்றம் நிரூபணம் ஆகவில்லை, விசாரணையே தொடங்கவில்லை. கண்டிப்பான ஆட்சி என்று அப்பா சொல்வது நடைமுறையில் கடைசியாக இந்தக் குழாயில் வந்து நிற்கிறது.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். 1930இல் உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள், சுமார் நூறு பேர், ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது உங்கள் திருத்துறைப்பூண்டி வழியாகத்தான். சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். போட்டது யார் என்று எந்தப் போலீஸுக்குத் தெரியும்? அதைக் கட்டிய கைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஊர்வலத்தில் போகாதவர்கள், பேர் தெரியாதவர்கள், உங்களை மாதிரி வீட்டில் முடியாத அப்பா இருந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்துபவர், சவரத்துக்கு உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். கோர்ட்டில் மீதியை முடிக்கச் சொன்னபோதும் முடியாது என்றார், ஜெயிலுக்குப் போனார். அவர் கையில் இருந்தது கத்தியும் கிண்ணமும்தான்.

உங்கள் கையில் கிராம சபை இருக்கிறது. சிரிக்காதீர்கள். போன வருடம் ஜனவரி 26 எங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஜமக்காளம். நூறு நாள் வேலைக்காரர்களைக் கூட்டி உட்கார வைத்திருந்தார்கள், எண்ணிக்கை காட்ட வேண்டுமே. தீர்மான நோட்டு கை மாறிக் கை மாறி வந்தது. எல்லோரும் கையெழுத்தும் ரேகையும் வைத்தோம், நானும் வைத்தேன். தூக்குச் சட்டியை மடியில் வைத்திருந்த ஒரு அக்கா மட்டும், நோட்டைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு, "எதுக்குக் கையெழுத்துன்னு படிச்சுக் காட்டுங்க" என்றார். "படிச்சு என்ன பண்ணப்போற?" என்றார்கள். அவர் விடவில்லை. பக்கத்தைத் திருப்பினால் மேலே தேதியும் ஊர்ப் பெயரும் மட்டும்தான், கீழே முழுக்க வெள்ளை. அப்புறம் எல்லோருக்கும் வாய் வந்தது. வாய்க்கால் தூர் வாரிய கணக்கைக் கேட்டோம். அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது, கணக்கு முழுசாக வரவில்லை, ஆனால் அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை எழுதிவிட்டு நோட்டைச் சுற்றவிட்டார்கள்.

இத்தாலியில் ஊர்த் தலைவரை எடுத்த கதையைச் சொன்னேன் இல்லையா. நம் ஊராட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர். 2025 ஜனவரியில் மறுபடியும் தனி அலுவலர். இதை முசோலினியோடு ஒப்பிட மாட்டேன், காரணங்கள் வேறு. எனக்குக் கவலை, ஊருக்கு ஒரு தேர்ந்தெடுத்த ஆள் இல்லை என்பது டீக்கடையில் ஒரு நாள் பேச்சாகக்கூட ஆகவில்லை என்பது. இல்லாதது தெரியாத அளவுக்குப் பழகிப்போன ஒன்றை எடுத்துவிடுவது யாருக்கும் சுலபம்.

மாமாவோடு குழுவில் சண்டை போடச் சொல்லமாட்டேன். 140 பேர் பார்க்க எழுதினால் அவருக்கு இறங்கி வர வழியில்லை. சாயந்திரம் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய், அந்த பாய் உங்கள் வயலில் என்ன கெடுதல் செய்தார், வருகிற புதுக்காரர் கட்டுக்கு என்ன கேட்கிறார் என்று கேளுங்கள். கைகூப்பாத நூற்றுச் சொச்சம் பேரில் உங்களை மாதிரி எழுதி அழித்தவர்கள் இருப்பார்கள், நான்கு பேரையாவது நேரில் பார்த்துக் கேளுங்கள். அதற்கு அப்புறம் குழுவில் அந்த வரியை எழுதுங்கள், அழிக்காமல். நீங்கள் எழுதிய வரி நல்ல வரி. அதில் கோபம்கூட இல்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே, அந்த பாய்க்கு ஒரு போன் போடுங்கள். இந்த மாதிரிச் செய்தி அவர் காதுக்கு எப்படியும் போயிருக்கும், ஊரிலிருந்து ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை என்று உட்கார்ந்திருப்பார். என் மூன்று ஏக்கர் இந்தத் தேதிக்கு அறுப்பு, மெஷினை என்றைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்.