பெட்டகத்துக் கணக்குப் புத்தகங்கள்: கேள்வி பதில்

கானாடுகாத்தான்: எங்க ஐயா பெட்டகத்துல ஒரு அச்சு எண்சுவடி (வாய்பாட்டுப் புத்தகம்) இருக்கு. முகப்புத் தாள்ல ‘சித்தார்த்தி ௵ தை ௴’ன்னு மட்டும்தான் போட்டிருக்கு. எந்த வருஷம்?

பதில்: ௵ என்பது வருஷம், ௴ மாதம். சித்தார்த்தி 1859இலும் வந்தது, 1919இலும் வந்தது. தை மாதம் என்பதால் 1860 அல்லது 1920இன் தொடக்கம். அச்சுக்கூடத்தின் பெயரும் ஊரும் எங்காவது உள்ளனவா என்று பாருங்கள். ஆனால் 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே, 1835ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றைக் கேட்டது. அதனால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. தாளையும் பாருங்கள். கந்தல் துணித் தாள் இன்றும் துவளும், அப்படியென்றால் 1860 பக்கம் சாயலாம். மரக்கூழ்த் தாள் பழுத்து ஓரம் பொடியும், அது 1920 பக்கம். மூலையை மடித்துச் சோதிக்க வேண்டாம், ஒடிந்துவிடும்.

தேவகோட்டை: ஒரு புத்தகத்தில் ௲௮௱௬௰, இன்னொன்றில் ௧௮௬௦. இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றுதான், 1860. முன்னது பழைய முறை: ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து.

பள்ளத்தூர்: பக்க எண்கள் கிழிந்துவிட்டன. தாள் குறைகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மடிப்பில் தைத்த புத்தகமென்றால், ஒவ்வொரு மடிப்புக் கட்டிலும் நூல் தெரியும் இடத்துக்கு இருபுறமும் தாள்கள் சமமாக இருக்க வேண்டும். ஒருபுறம் நான்கு, மறுபுறம் மூன்று என்றால் ஒன்று போயிருக்கிறது. பக்கவாட்டில் குத்தித் தைத்திருந்தால் இது செல்லாது. எண்சுவடியில் வாய்பாடே காட்டிக்கொடுக்கும்: ஏழாம் வாய்பாட்டை அடுத்து ஒன்பது வந்தால் நடுவே தாள் இல்லை. சரிபார்த்து முடிக்கும்வரை பைண்டரிடம் கொடுக்காதீர்கள். ஓரத்தை வெட்டி, பழைய தையலையும் பிரித்துவிட்டால் இந்தத் தடயமெல்லாம் போய்விடும். பிள்ளைகள் கிறுக்கிய ஓரக் கணக்குகளையும் அழிக்க வேண்டாம். அவை இருந்தால் எனக்கு மதிப்புக் கூடுதல்தான்.

காரைக்குடி: முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கணக்கதிகாரம் (பழைய தமிழ்க் கணித நூல்) பார்த்தேன். பழைய அச்சா, பின்னாளைய நகலா?

பதில்: தாளைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பின்புறத்தைப் பாருங்கள். ஈய எழுத்து அழுத்திய தடம் மேடாகத் தெரிந்தால் எழுத்துக் கோத்து அடித்தது. நிழற்பட நகல் வழவழவென்று இருக்கும். ‘நயா பைசா’ கண்ணில் பட்டால் 1957க்கு முன் அச்சானதில்லை.

புதுவயல்: கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட்டின் வடிவியல் நூலுடைய முதல் அச்சுப் பதிப்பு வாங்க முடியுமா?

பதில்: 1482இல் வெனிஸில் ராட்டோல்ட் அச்சிட்டது அது. அந்த ஆசையை விடுங்கள். தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணிப்பு முறைகளைப் பற்றிய ஜான் வாரனின் ‘கால சங்கலித’ 1825இல் சென்னையில் அச்சானது. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி பரப்பி, மனப்பாடமான அட்டவணைகளைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்ததை அதில் எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பக்கத்துக்கு யூக்ளிட்டைவிட இதுதான் தேடத் தகுந்தது. வாங்குமுன் அட்டவணைப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கோட்டையூர்: பூச்சி அரிக்குதுங்க. ஏட்டுக்குத் தடவுற எண்ணெயத் தடவலாமா?

பதில்: வேண்டாம் ஆச்சி. புல் எண்ணெய் (எலுமிச்சம்புல் எண்ணெய்) ஓலைக்குத்தான். காகிதத்தில் கறை ஊறிவிடும். வெயிலிலும் போடாதீர்கள். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 20 டிகிரி எட்டும் ஆழ்குளிர் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பின் ஒருநாள் கழித்தே பையைப் பிரிக்க வேண்டும். உடனே பிரித்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். பிறகு வளவுச் (முற்றத்துச்) சாரல் படாத உள் கட்டில், சுவரை ஒட்டாமல் வைக்கலாம். கிழிசலுக்கு செல்லோடேப் போட்டுவிடாதீர்கள், லேமினேஷனும் ஆகாது.

கண்டனூர்: ஏட்டுச் சுவடி ஒன்றைச் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

பதில்: கூடாது. 75 ஆண்டு கடந்த, வரலாற்று அல்லது அறிவியல் மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. நல்ல படமெடுத்து அனுப்புங்கள். ஒவ்வோர் ஏட்டுக்கும் பக்கத்தில் ஓர் அளவுகோலும் இருக்கட்டும்.