பிளாக்டு அக்கவுண்ட் இருக்கிறது, முதல் இரண்டு மாதத்துக்கு என்ன வழி?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம். மனைவி சேலத்தில் தனியார் பள்ளி ஆசிரியை. மகளுக்கு ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது, அக்டோபரில் வகுப்பு. கல்விக் கடன் வாங்கவில்லை. டெபாசிட்டுகளை முடித்து, பிளாக்டு அக்கவுண்டுக்கான (விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு) 11,904 யூரோவுக்குப் பணம் தயார். இன்னும் அனுப்பவில்லை, விசாவும் வரவில்லை. இதற்கிடையே கன்சல்டன்சியில் விமான டிக்கெட், ஏர்போர்ட் பிக்கப், ஒரு மாத அறை, சிம் கார்டு எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார்கள். கட்டலாமா? கையில் எவ்வளவு கொடுத்து அனுப்புவது? அதற்கு நகையை அடகு வைக்கலாமா?
— வாசகர், ஏற்காடு

பதில்: கையில் எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான பெற்றோர் கோட்டை விடுவது அங்கேதான்.

பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் அனுப்பிவிட்டோம், இனி பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பீர்கள். ஆனால் அந்தப் பணம் மாதம் 992 யூரோ வீதம்தான் வெளியே வரும். அதுவும் போய் இறங்கிய அன்றே வராது. முதலில் தங்க இடம் வேண்டும். அந்த முகவரியை ஊர் நிர்வாக அலுவலகத்தில் பதிய வேண்டும். குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிவது சட்டம். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் அது நடக்காது. பிறகு அங்கே ஒரு வங்கிக் கணக்கு, அதன் பிறகுதான் முதல் 992. எல்லாம் சரியாக நடந்தாலே சில வாரங்கள் ஓடிவிடும். வீடு கிடைக்கத் தாமதமானால் மொத்தமும் தள்ளிப்போகும்.

செலவோ முதல் வாரமே வந்து நிற்கும். வாடகை முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்க அங்கே சட்டம் இடம் தருகிறது. ஹீட்டிங், தண்ணீர்க் கட்டணம் சேராத வாடகையை வைத்துத்தான் இந்தக் கணக்கு. முன்பணத்தை மூன்று தவணையாகக் கட்டவும் உரிமை உண்டு, மகளிடம் சொல்லி அனுப்புங்கள். அதோடு முதல் மாத வாடகை, ஹெல்த் இன்ஷூரன்ஸ், செமஸ்டர் கட்டணம், குடியிருப்பு அனுமதிக்கு நூறு யூரோ, பாத்திரம், படுக்கை, சாப்பாடு. நடுத்தர ஊர் என்றால் என் கணக்கில் 2,500 யூரோ தனியாக இருக்க வேண்டும். மியூனிக் என்றால் 3,500.

இதில் நோட்டாக 400 யூரோ போதும். 50 யூரோவும் அதற்குக் கீழும் உள்ள நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய நோட்டைக் கண்டால் சின்னக் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மீதி, இங்கேயே யூரோ ஏற்றிக் கொண்டுபோகும் ஃபாரெக்ஸ் கார்டில். இன்னொரு வங்கியின் டெபிட் கார்டும் வேறு பையில் இருக்கட்டும். அங்கே மெஷினில் 'ரூபாயில் கட்டுகிறீர்களா' என்று கேட்டால் வேண்டாம் என்று யூரோவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்திலேயே ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள்.

இப்போது பேக்கேஜ். கன்சல்டன்சியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த ஒரு மாத அறைக்கு, முகவரி பதிய வீட்டுக்காரர் கடிதம் கிடைக்குமா? எழுத்தில் கொடுத்தால் யோசிக்கலாம். மழுப்பினால் அது வெறும் லாட்ஜ். மாதக் கடைசியில் மகள் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குவாள். பிக்கப், சிம் இரண்டும் காசு வாங்க ஒரு சாக்கு. மாணவர் விடுதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள், காத்திருப்புப் பட்டியல் நீளமானது. வீட்டையோ ஒப்பந்தத்தையோ பார்க்குமுன் முன்பணம் கேட்டு, 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று எவராவது எழுதினால் அது மோசடி. அதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

டிக்கெட்டை விசா கைக்கு வந்த பிறகே போடுங்கள். அதற்கு முன் போட்டே ஆக வேண்டுமென்றால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக இருக்கட்டும். மாணவர் கட்டணத்தில் கூடுதல் பெட்டி தரும் விமான நிறுவனங்கள் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். சேலம் காமலாபுரத்திலிருந்து தனி டிக்கெட்டில் சென்னை போய் அங்கே பன்னாட்டு விமானம் பிடிக்கும் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே டிக்கெட்டாக இல்லாவிட்டால், முதல் விமானம் ரத்தானாலும் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. டிக்கெட் காசு போனது போனதுதான். பெங்களூருக்கு கார் எடுங்கள். முந்தைய நாளே மலையை விட்டு இறங்கி சேலத்தில் தங்கிவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் ஒரு மரம் விழுந்தால் போதும், பிறகு தொப்பூர் கணவாயும் இருக்கிறது. பெங்களூர் விமான நிலையம் ஊரின் வடக்குக் கோடி, ஓசூர் பக்கம் நுழைந்து நகரத்தைத் தாண்டியே ஆக வேண்டும்.

அங்கே போய் இறங்குவது திங்கள் முதல் வியாழனுக்குள், பகலில் அமையட்டும். ஞாயிறு கடைகளுக்கு விடுமுறை. அக்டோபர் 3 அவர்களின் தேசிய நாள், அன்றும் எல்லாம் மூடியிருக்கும். கனமான ஜாக்கெட்டை இங்கே வாங்காதீர்கள். ஏற்காட்டு ஸ்வெட்டர் அக்டோபரை ஓட்டிவிடும், நவம்பருக்கானதை அங்கேயே வாங்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று டி.சி.எஸ்., அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வருமான வரி. ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை பத்து லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி வரி பிடிக்கும். கல்விக்கு விகிதம் குறைவு, வேறு காரணம் என்றால் 20 சதவீதம். அதனால் அட்மிஷன் கடிதத்தைக் கொடுத்து, படிவத்தில் 'வெளிநாட்டுக் கல்வி' என்றே எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் கவுண்டரில் வேறு எதையாவது டிக் செய்துவிடுவார்கள். பத்து லட்ச வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனம் ஒப்புக்கொண்டால் நீங்களும் மனைவியும் பிரித்து அனுப்பலாம். ஃபாரெக்ஸ் கார்டை மகளின் கணக்கில் பணம் போட்டு மகளின் பான் எண்ணில் வாங்குங்கள். அப்படியும் வரி பிடித்தால் அது நட்டமல்ல, திரும்ப வரும். ஆனால் தோட்ட வருமானம்தானே என்று வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாமல் இருந்தால் வராது.

கடைசியாக நகை. செப்டம்பரில் உங்கள் கையில் காசு இருக்காது, காப்பி பறித்து விற்றுக் காசு வர ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடும். அந்த இடைவெளிக்கு நகைக் கடன் பொருத்தமானதுதான். வங்கியில் மட்டும் வையுங்கள், வட்டிக்கடை வேண்டாம். ஓராண்டுக்குள் அசலும் வட்டியும் ஒன்றாகக் கட்டும் வகையைக் கேளுங்கள். டிக்கெட்டும் 2,500 யூரோவும் சேர்த்து மூன்றரை லட்சத்துக்குள் அடங்கும், அதற்கு மேல் ஒரு வளையல்கூட வைக்காதீர்கள். உடைக்காத டெபாசிட் ஏதாவது மிச்சம் இருந்தால் முதலில் அதன் மேல் கடன் கேளுங்கள், பெரும்பாலும் வட்டி அதில் குறைவு. மனைவியின் பி.எஃப். பணத்தை இதற்குத் தொட வேண்டாம்.