ஐ.சி.யூ.வில் டேப் எதற்கு?

கேள்வி: வென்டிலேட்டரில் இருக்கும் அப்பாவின் உயரத்தை டேப் வைத்து அளந்தார்கள். எடை தெரிந்தால் போதாதா? (வாசகர், ஈரோடு)

போதாது. உடம்பு பருத்தால் நுரையீரலும் சேர்ந்து பெரிதாவதில்லை. அதன் கொள்ளளவு உயரத்தையும், ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. அதனால் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று (டைடல் வால்யூம்) என்பதை உயரத்திலிருந்து வரும் கணக்கு எடையை வைத்தே முடிவு செய்கிறோம். சென்டிமீட்டரில் உள்ள உயரத்திலிருந்து 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, ஆணுக்கு 50, பெண்ணுக்கு 45.5 கூட்ட வேண்டும். 165 செ.மீ. உயர ஆணுக்கு 61.5 கிலோ வரும். ஏ.ஆர்.டி.எஸ். என்ற கடுமையான நுரையீரல் பாதிப்பில் கிலோவுக்கு 6 மி.லி. என்றால் சுமார் 370 மி.லி. அவர் 90 கிலோ இருக்கிறார் என்று அந்த எடைக்கு வைத்தால் 540 மி.லி. ஆகிவிடும்.

கண்ணால் பார்த்து 'ஐந்தரை அடி இருப்பார்' என்று எழுதுவதில்தான் தப்பு நடக்கிறது. அதிகம் பாதிக்கப்படுவது குள்ளமான பெண்கள். 150 செ.மீ. உயரப் பெண்ணுக்கு 260 மி.லி.தான் வரும், எல்லோருக்கும் வைக்கிற 450 அவருக்கு மிக அதிகம். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலைச் சமமாக்கி, உச்சி முதல் குதிகால் வரை அளப்பதே சரி. முழங்கால் மடங்கியிருந்தால் முன்கை எலும்பின் நீளத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடலாம்.

கேள்வி: காற்றைக் குறைத்தால் ஆக்சிஜனும் குறையுமே? (வாசகி, நாகர்கோவில்)

முதல் சில நாட்கள் குறையத்தான் செய்யும். அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் கிலோவுக்கு 12 மி.லி.யையும் 6 மி.லி.யையும் ஒப்பிட்ட ஆய்வு 2000-இல் வெளியானது. தொடக்கத்தில் ஆக்சிஜன் நன்றாக இருந்தது 12 குழுவில். இறப்போ அங்கே 39.8 சதவீதம், 6 குழுவில் 31. மானிட்டரில் எண் அழகாக இருந்த பக்கத்தில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் அளவுக்கு மீறி விரிந்து புண்ணாவதே காரணம்.

மூச்சை உள்ளே தள்ளி முடித்ததும் அரை நொடி நிறுத்திப் பார்க்கும் அழுத்தம் 30 செ.மீ. நீரைத் (மூச்சு அழுத்தத்தை அளக்கும் அலகு இது) தாண்டக் கூடாது. தாண்டினால் 5, பிறகு 4 மி.லி. என்று இறக்குகிறோம். கார்பன் டை ஆக்சைடு ஏறும். அதை ஈடுகட்ட மூச்சு எண்ணிக்கையை நிமிடத்துக்கு 35 வரை கூட்டலாம். ஆனால் வெளிமூச்சு முடியும் முன்பே அடுத்தது வந்தால் காற்று உள்ளே தேங்கும்.

இன்னொரு சிக்கல் பலர் கண்ணில் படாது. காற்று போதாத நோயாளி மெஷினை அடுத்தடுத்து இரண்டு முறை தூண்டிவிடுவார். இரண்டு மூச்சும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். செட்டிங்கில் 6 இருக்கும்; நுரையீரலுக்குள் போவது 12. மயக்க மருந்தைச் சரிசெய்ய வேண்டும், அல்லது அழுத்தம் இடம்கொடுத்தால் 7, 8 வரை ஏற்ற வேண்டும்.

கேள்வி: சுயநினைவில்லாத அம்மாவை ஆய்வில் சேர்க்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். புதிய சிகிச்சை கிடைக்காத குழுவில் விழுந்தால் நஷ்டம்தானே? (வாசகர், திண்டுக்கல்)

அப்படிச் சொல்ல முடியாது. ரத்தச் சர்க்கரையை 81–108 மி.கி.க்குள் இறுக்கிப் பிடிப்பதே நல்லது என்று ஒரு காலத்தில் பல ஐ.சி.யூ.க்கள் நம்பின. 6,104 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில், 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் அந்தக் குழுவில் 27.5 சதவீதம், 180-க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்ட குழுவில் 24.9. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவதும் இறுக்கிப் பிடித்தவர்களிடம்தான் அதிகம்: 6.8-க்கு எதிராக 0.5 சதவீதம்.

நோயாளிக்கு நினைவில்லாதபோது, சட்டப்படி அவர் சார்பில் முடிவெடுக்கக் கூடிய உறவினர் கையெழுத்திடலாம். அம்மாவுக்கு நினைவு திரும்பினால் அவரிடமே மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை நிற்காது. தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவெண்ணையும் கேளுங்கள். அதை அந்தப் பதிவேட்டின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.